முதுகில் ஒரு கோடு

இலைமக்கு மண்ணிலிருந்து எடுத்த நீர்க்கரடி ஒன்றின் முதுகில், வேறெந்த இனத்திலும் இல்லாத ஒரு குறுக்குக்கோடு இருந்தது. ஊசிமுனையைவிடச் சிறிய அந்த எட்டுக்கால் பிராணியைப் புதிய இனமென்று கட்டுரை எழுதி, மண் அள்ளித் தந்த காட்டுக் காவலர் சடையனின் பெயரையே அதற்கு வைத்தேன். கட்டுரையின் முதல் பக்கம் அவர் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. போன வாரம்தான் தெரிந்தது, அது கோடில்லை, மடிப்பு. ஸ்லைடின் மேல்கண்ணாடியை மூடும்போது என் விரல் கொஞ்சம் அதிகமாக அழுத்தியிருக்கிறது.

சொல்லிவிடத்தான் அவரை வரச் சொன்னேன். இஸ்திரி போட்ட சட்டையில், மனைவியோடு மலையிறங்கி வந்துவிட்டார். மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணை எடுக்கவே இல்லை. "மாதி, வந்து பாரு. நம்ம பேருல ஒரு உசுரு." வாயால் சொல்ல முடியாததைக் காட்டிவிடலாமென்று வேறொரு ஸ்லைடை வைத்தேன்.

"இது சாதாரணமானதுங்க. எங்க மண்ணெடுத்தாலும் கிடைக்கும். முதுகைப் பாருங்க, ஒண்ணுமில்ல." அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல்கண்ணாடியை அழுத்தினேன். "இப்பப் பாருங்க, அதே கோடு."

சடையன் வெகுநேரம் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தார்.

"ஏனுங்க மேடம், அப்ப இதுவும் நம்மளுதுங்களா?"

"ஆமாங்க," என்றேன். என் விரல் இன்னும் கண்ணாடி மேலேயே இருந்தது.