இத்ரூஸின் பச்சைப் பைத்தியம்

"அந்தத் தேளைப் பத்திக் கேட்டா என்ன சொல்லப் போறீங்க?" என்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கேட்டாள் மனைவி ஸல்மா.

"இரிக்கிறதச் சொல்வன்," என்றார் இத்ரூஸ்.

"சொன்னா சிரிப்பாங்க. சிரிச்சுட்டு எழும்பிப் போயிடுவாங்க. உங்கட பச்சைப் பைத்தியத்தால என்ட புள்ளட கலியாணம் நிண்டுச்சென்டா, உங்கள மன்னிக்கவே மாட்டன்."

பதுளைக் கடைவீதியில் இத்ரூஸுக்குத் துணிக்கடை; கடைக்குப் பின்னாலேயே வீடு. மகள் றஷீனாவுக்குப் பண்டாரவளையிலிருந்து நல்ல இடம் வந்திருந்தது. எல்லாம் கூடிவந்த நேரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் மாப்பிள்ளையின் வாப்பா புஹாரி ஹாஜியாரிடம் போய் ஓதிவிட்டான். இன்று அவர் விசாரிக்க வருகிறார், தனியாக.

சிலர் முத்திரை சேர்ப்பார்கள். இத்ரூஸ் பச்சை சேர்த்தார். மயில், மொனராகலைச் சந்தைக்கு வந்த குறத்தி குத்தியது. கப்பலுக்காகத் திருகோணமலைவரை ரயிலேறிப் போனார். தேள், மடுல்சீமைத் திருவிழாவில் கிடைத்தது. மண் சரிந்து பஸ் நின்றுபோக, பாதி வழி நடந்தே திரும்பினார். பச்சை குத்திய அன்று காய்ச்சல் வரும். ஸல்மா திட்டிக்கொண்டே மஞ்சள் அரைத்துக் கொடுப்பாள். எந்த ஊரிலாவது கைராசிக்காரி வந்திருக்கிறாள் என்று காதில் விழுந்தால் போதும், கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். ஏன் என்று அவருக்கே தெரியாது. ஆசைக்குக் காரணம் கேட்பது வீண்வேலை.

ஹாஜியார் வந்தார். குடையை மடக்கி மூலையில் சாத்தினார். கடையில் துணிப்பொதி தூக்கும் வீரய்யா, கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டையோடு பிளேன் டீ கொண்டுவந்தான். சீனி கிடைக்காத காலம். தட்டில் கருப்பட்டித் துண்டு கிடந்தது. ஹாஜியார் அதைத் தொடவில்லை.

"எங்கட பள்ளியில என்ன பேசுறாங்க தெரியுமா? நான் சம்பந்தம் பேசப் போற மனிசன்ட முதுகில தேள் ஏறிப் போகுதாம். மார்க்கத்தில விலக்கின காரியம். நான் எந்த முகத்தோட அங்க நிக்கிற?"

"ஹாஜியார், அது வந்து..."

"விளக்கம் வேணாம். பச்சை சேர்க்கிறது உண்மையா, பொய்யா?"

"உண்மைதான்."

திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. ஹாஜியார் வீரய்யாவிடம் திரும்பினார்.

"நீ பார்த்திருக்கியா?"

"பாக்காமங்களா! ஊசிய எடுத்தாலே மொதலாளி கண்ண மூடிக்குவாருங்க. ரெத்தம்னா அவருக்கு ஆகாது."

"இந்தப் பயத்தோடயா இவ்வளவும்!" என்று ஹாஜியார் தலையில் கை வைத்தார். "சரி, அழிக்க ஏலாதா?"

"தோலை உரிச்சாத்தான் ஹாஜியார்," என்றார் இத்ரூஸ்.

வீரய்யாவின் கையிலிருந்த தட்டு ஆடியது. "ஐயய்யோ! அப்புடியெல்லாம் சொல்லாதீங்க மொதலாளி!"

"நான் கேக்கிறது ஒண்டுதான்," என்றார் ஹாஜியார். "மகளா, பச்சையா? எது வேணும்?"

இத்ரூஸின் வாலிபம் முழுவதையும் விழுங்கிய ஆசை அது. சொல்லத்தான் வேண்டும்; சொன்னார்.

"மகள்தான். இதோட விட்டுட்டன்."

"அப்போ குதிரை?" வீரய்யாவுக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு காலு இன்னும் குத்தலையே மொதலாளி. நொண்டிக் குதிரையாவே நிக்கட்டுமா?"

"வாய மூடுடா!"

ஹாஜியாரின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்கினாரா, கோபத்தை அடக்கினாரா என்று தெரியவில்லை.

"வாய்ப்பேச்சு போதாது. என்ட மகனுக்கு மாமாவாகப் போறவர் நீங்க. ஒடம்பில எவ்வளவு இரிக்கு என்டு என்ட கண்ணால பார்க்கணும். சட்டையைக் கழட்டுங்க."

"இங்கயா?"

"இங்கதான்."

இத்ரூஸ் கடைவீதிப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். சட்டையைக் கழற்றினார். பனியனையும் உருவினார். ஹாஜியார் எழுந்து அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து இடுப்பைப் பார்த்தார். கையைத் தூக்கச் சொல்லி அக்குளைக்கூடப் பார்த்தார்.

உரித்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி இருந்தது உடம்பு. ஒரு புள்ளி இல்லை.

"எங்க?" என்றார் ஹாஜியார்.

"இதத்தான் சொல்ல வந்தன், நீங்க விடல்ல. விலக்கினத நான் என்ட ஒடம்பில செய்வனா? எனக்குப் பார்க்கத்தான் ஆசை ஹாஜியார்."

"அப்ப அந்த மயில், கப்பல், தேளெல்லாம்?"

இத்ரூஸ் பதில் சொல்வதற்குள் வீரய்யா தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் சட்டையின் கடைசிப் பொத்தானையும் கழற்றியிருந்தான்.

"படம் மொதலாளி ஆசைங்க, குத்திக்கிட்டது என் ஆசை. எங்க தேயிலத் தோட்டத்துல இப்புடி ஒரு ஒடம்பு யாருக்கும் இல்லீங்க," என்று சொல்லிவிட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி மெல்லத் திரும்பி முதுகைக் காட்டினான்.

ஹாஜியார் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, வீரய்யாவின் முதுகுக்கு வெகு கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"சம்பந்தி," என்றார் தலையைத் திருப்பாமலே, "அந்த ஜன்னலைக் கொஞ்சம் தொறங்க, வெளிச்சம் போதல்ல."