ஊறுகாய் வாசனைத் துண்டு

நான் தோளில் மாட்டும் சின்னப் பை. அந்த வெளிநாட்டு விடுதி அறையில் காலையிலேயே சண்டை. பூங்கோதை ஒரே நாளில் பனிமலை, பாலைவனம், கடற்கரை மூன்றையும் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என்னோடு யார் வருவது?

"பனியில் நானில்லாமல் அவள் விறைத்துப்போவாள்" என்றது ஸ்வெட்டர்.

"பாலைவனத்தில் உன்னை யார் சீந்துவார்கள்?" என்றது தொப்பி.

ஈரிழைத் துண்டு மட்டும் இந்தச் சண்டையில் சேரவில்லை. எண்ணெய் கசியாமலிருக்க அதை ஊரிலேயே ஊறுகாய் பாட்டிலின் மேல் சுற்றிவிட்டிருந்தார்கள். "நாத்தம் பிடித்தது, கிட்டே வராதே" என்று ஸ்வெட்டர் அதைத் தினமும் விரட்டும்.

ஸ்வெட்டருக்கும் தொப்பிக்கும் மேல் புளிச்சோற்று டப்பாவும் உள்ளே வந்ததும் என் ஜிப் மூடவில்லை. பூங்கோதை தொப்பியை எடுத்து வெளியே போட்டாள். பாட்டிலில் இருந்த துண்டை உருவிச் சுருட்டி, ஓர் ஓரத்தில் திணித்தாள்.

மலையில் ஸ்வெட்டர் அவள் உடம்பைக் காத்தது. காதைக் காத்தது துண்டு. பாலைவனத்தில் ஸ்வெட்டர் எனக்குள் கிடந்து புழுங்கியது. தொப்பியில்லாத தலையில் வெயில் சுள்ளென்று இறங்க, அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. துண்டுதான் தண்ணீரில் நனைந்து, முக்காடாகி அவளை நிமிர்த்தியது. அதே வெயிலில் காய்ந்து, கடற்கரையில் உட்கார விரிப்பாகி, கடைசியில் மணல் ஒட்டிய காலையும் துடைத்தது. ஒரு முறைகூட அலுத்துக்கொள்ளவில்லை. இப்படி ஒன்றை நான் சுமந்ததே இல்லை.

அறைக்குத் திரும்பியதும் தொப்பி நக்கலாகக் கேட்டது: "என்ன ஸ்வெட்டரே, நாளைக்கும் நீதானே போகிறாய்?"

ஸ்வெட்டர் ஊறுகாய் பாட்டிலின் பக்கம் நகர்ந்தது.

"துண்டு போகட்டும். பாட்டிலை நான் சுற்றிக்கொள்கிறேன்."