ஓரத்தில் ஒரு கை

“இதுல ஏதோ தில்லுமுல்லு இருக்கு” என்றார் கிளிஃபர்ட், ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்திவிட்டு.

சமையலறையிலிருந்து அவர் மனைவி பெரில் எட்டிப் பார்த்தாள். “யாரு பண்ணது?”

“அதைத்தான் கண்டுபிடிக்கப் போறேன்.”

கிளிஃபர்ட் வென், லண்டன் பத்திரிகை ஒன்றில் டிஸ்க் விமர்சனம் எழுதுகிறவர். பழைய படங்களைச் சுத்தம் பண்ணிப் புது டிஸ்க்கில் வெளியிட்டால், கதை எப்படி என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. ஒழுங்காகச் சுத்தம் பண்ணியிருக்கிறார்களா, ஏமாற்றியிருக்கிறார்களா என்றுதான் கேட்பார்கள். ஏமாற்றித்தான் இருப்பார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. மெய்டன்ஹெட்டில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிற தபால்காரரைக்கூட ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்.

இந்த முறை வந்தது ‘தூரத்து நிலவு’ பெட்டி. ஐந்து விண்வெளிப் படங்கள். இளவட்டமாக இருந்தபோது வரிசையில் நின்று பார்த்தவை.

முதல் நாலு படத்தில் ஒரு குறையும் அகப்படவில்லை. அதுவே அவருக்கு உறுத்தலாக இருந்தது. ஐந்தாவதில் மாட்டியது.

விண்கலம் நிலவில் இறங்குகிறது. இடது ஓரத்தில் ஒரு மனுஷக் கை நீண்டு, அந்தப் பொம்மைக் கப்பலைத் தாங்கிப் பிடித்துவிட்டு மறைகிறது. தியேட்டரிலும் பழைய டிவியிலும் ஓரம் வெட்டுப்பட்டுப் போனதால் இத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை. இதில் சுண்டுவிரல் வளைந்திருப்பதுவரை பளிச்சென்று தெரிந்தது.

“கப்பலைத் தொங்கவிட்ட கம்பியெல்லாம் ஒண்ணுவிடாம அழிச்சிருக்காங்க. கை மட்டும் எப்படித் தப்பிச்சுது?”

“அந்தப் பொண்ணு ரொம்ப மெனக்கெட்டிருக்கா, பாவம்” என்றாள் பெரில்.

“எந்தப் பொண்ணு? சுத்தம் பண்ணது பொண்ணுன்னு நான் சொல்லவே இல்லையே?”

“பெட்டியில போட்டிருக்குமே” என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். இமோஜென் என்று போட்டிருந்தது, பொடி எழுத்தில். கண்ணாடி இல்லாமல் இவள் எப்படிப் படித்தாள் என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு கம்பெனிக்குப் போன் போட்டார்.

சுத்தம் பண்ணிய இமோஜென்தான் எடுத்தாள்.

“கடைசிப் படத்துல ஓரமா ஒரு கை வருது. பாத்தீங்களா?”

“பாத்தோம், மிஸ்டர் வென். தெரிஞ்சேதான் விட்டோம்.”

“தெரிஞ்சேவா? எதுக்கு?”

“அந்தக் கைக்குச் சொந்தக்காரங்க ஆசைப்பட்டாங்க. அதுக்கு மேல கேக்காதீங்க. யாருன்னு சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.”

கிளிஃபர்ட்டுக்குச் சிரிப்பு வந்தது. “அம்மணி, பொம்மைக் கப்பல் செஞ்சவங்கன்னு டைட்டில்ல நாலு பேர் வருது. நாலும் ஆம்பளைங்க. நாலு பேருக்கும் இரங்கல் குறிப்பு எழுதினதே நான்தான். இதுல எந்த ஆவி வந்து உங்ககிட்ட ஆசைப்பட்டுச்சு?”

இமோஜென் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நீங்க எழுதினா எங்க முதலாளி பயந்துடுவாரு. வித்த டிஸ்க்கையெல்லாம் திரும்ப வாங்கி, கையை அழிச்சு, வேற அனுப்பச் சொல்லுவாரு. அப்புறம் அந்தக் கை எங்கயுமே இருக்காது. எழுதாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்.”

எழுதாதே என்றால் எழுத விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். கிளிஃபர்ட் போனை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பச்சைப் பொய். அலட்சியமா விட்டுட்டு, மாட்டினதும் கதை விடறா.”

“டைட்டில்ல பேர் வராத ஆளு யாராவது இருந்திருக்கலாம்ல?” பெரிலின் குரல் உள்ளிருந்து வந்தது.

“பேர் இல்லேன்னா ஆளே இல்லை. சினிமாவுல அதான் கணக்கு. உனக்கு இதெல்லாம் புரியாது.”

கெட்டில் கூவி அடங்கியது.

கிளிஃபர்ட் கம்ப்யூட்டரில் விறுவிறுவென்று தட்டினார். ‘மன்னிக்க முடியாத அலட்சியம். அதை மூடி மறைக்கப் பொய் வேறு. டிஸ்க்கை உடனே திரும்பப் பெற வேண்டும்.’ படித்துப் பார்த்தார். அவருக்கே பிடித்திருந்தது.

பெரில் ஒரு கையில் டீயும் மறு கையில் இஞ்சி பிஸ்கட் தட்டுமாக வந்து நின்றாள்.

“அனுப்பிட்டியா?”

“இதோ, அனுப்பப் போறேன்.”

“அதுக்கு முன்னாடி அந்த இடத்தை ஒரு தடவை போடேன். அப்புறம் இருக்காதுல்ல?”

போட்டார். கை வந்ததும் நிறுத்தினார்.

பெரில் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கம்பி அறுந்துபோச்சு. எல்லாரும் கேமரா பக்கம் நின்னாங்க. கீழ விழுந்திருந்தா அத்தனை பேர் உழைப்பும் தூள்தூளாயிருக்கும். யோசிக்கல்லாம் இல்லை, கை தானா போயிடுச்சு.”

கிளிஃபர்ட் திரும்பினார். டீக்கோப்பையை அவர் முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள் பெரில். அவள் சுண்டுவிரல் வளைந்திருந்தது. தினமும் அவருக்கு டீ வைக்கிற கைதான்.

அவர் திரையைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார்.

“நீ அங்க வேலை பாத்ததை எங்கிட்ட சொல்லவே இல்லையே, பெரில்?”

“சொன்னேனே, கல்யாணமான புதுசுல” என்றாள் அவள், பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தி. “டைட்டில்ல உன் பேர் இல்லையேன்னு நீதான் சொன்னே.”