வாசல் பூவில் தேனீ

"அம்மா, வெயில் காலம். வாசல் பூவுல தேனீ மொய்க்குது. நாய் மூக்குல கொட்டிட்டா பாவம், துடிச்சுப் போயிடும். காலையில உள்ளேயே வைங்க," என்றார் தபால்காரர்.

"ஐயோ! நீங்க வர்ற பத்து மணிக்குத்தான் ரொம்ப மொய்க்குமோ?" என்றாள் வீட்டுக்காரம்மா.

"கரெக்டா சொன்னீங்க!"

இரண்டு பேண்ட்டைக் கிழித்த நாய் அது. பயமாக இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வெட்கம்.

மறுநாள் வாசலில் நாய் இல்லை. தபாலைப் பெட்டியில் போட்டவர், தன் சாமர்த்தியத்தை எண்ணி மீசைக்குள் சிரித்தபடி பூவை முகர்ந்தார். தூசி நெடி அடித்தது. அத்தனையும் பிளாஸ்டிக் பூ!

திருதிருவென விழித்தவரிடம் வீட்டுக்காரம்மா தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.

"நிதானமா குடிங்கண்ணே. தேனீயை உள்ளே கட்டிப் போட்டிருக்கேன்."