நடுக்கட்டையின் பங்கு

சேசையாவின் ரேடியோவுக்குள் மூன்று பேட்டரிக் கட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் கிடந்தன. காலையில் கடலுக்குக் கிளம்பும்போது அவன் இரண்டு கட்டைகளை மட்டும் புதிதாகப் போட்டிருந்தான். நடுவில் இருந்தது பழசு.

நடுக்கடலில் வானம் திடீரென்று கறுத்தது. புயல் செய்தி கேட்க சேசையா ரேடியோவைத் திருகினான். குரல் கரகரத்துத் தேய்ந்தது.

"அண்ணே, உங்க பங்கு வரலையே?" என்றது முன்கட்டை.

"குடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றது நடுக்கட்டை. உண்மையில் அதன் வயிற்றில் ஒன்றுமே இல்லை.

புதியவை இரண்டும் தம் கட்டி உந்தின. அந்த வேகம் நடுக்கட்டைக்குள் நெருப்பாகப் பாய்ந்தது. உடம்பு வீங்கி, அடித்தகரம் விரிசல் விட்டது. இன்னொரு தடவை உந்தினால் வெடித்துவிடும். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"என்கிட்ட ஒண்ணும் இல்லப்பா."

"அப்ப வெளியே போங்க!" என்று கத்தியது முன்கட்டை.

"நான் போனா வரிசை அறுந்துடும். அப்புறம் ஒரு சத்தமும் வராது. மெதுவா உந்துங்க, வழி விடுறேன்."

அலை படகைத் தூக்கிப் போட்டது. கட்டைகள் மெதுவாக உந்தின. குரல் கொசு முனகுவதுபோல் வந்தது. சேசையா ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டான்.

"...உடனே கரை திரும்பவும்..."

அவ்வளவுதான் கேட்டது. அவன் பாய்ந்து சுக்கானைத் திருப்பினான்.

படகு கரை தட்டியதும் முன்கட்டை கேட்டது: "காலையிலேயே சொல்லியிருக்கலாமே, அண்ணே?"

"சொல்லியிருந்தா, என்னைத் தூக்கி எறியணும்னு நின்னிருப்பீங்க."

இல்லை என்று சொல்லத்தான் முன்கட்டை வாயெடுத்தது. அதற்குள் நடுக்கடலில் 'வெளியே போங்க' என்று தான் கத்தியது நினைவுக்கு வந்தது.