வேடிக்கை என்றால்

சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் தவமணி வீட்டின் முன்பாதியை இடித்துவிட்டுப் போனதில், அடுப்படி நேராகத் தெருவுக்கு வந்துவிட்டது. எதிரே சிக்னல். சிவப்பு விழுந்தால் போதும், அவள் குழம்பு தாளிப்பதை பஸ்ஸே பார்க்கும். பழைய புடவையைக் குறுக்கே கட்டினாள். கட்டிய பிறகுதான் இன்னும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவிழ்த்துவிட்டாள்.

"இங்க என்னய்யா வேடிக்கை?" என்று ஒருநாள் கத்தியேவிட்டாள்.

பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்த மகள் கேட்டாள், "வேடிக்கைன்னா என்னம்மா?"

"அடுத்தவங்க வீட்டுல நடக்குறதுடி."

"அப்ப நம்ம வீட்டுல நடக்குறது?"

மறுநாளிலிருந்து தவமணி அடுப்பைப் பற்றவைக்கும் முன் தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டாள்.

இன்றைக்கு சிவப்பு விழுந்து பஸ் நின்றது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. அடுத்த பஸ்ஸிலும் அப்படியே. தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்தாள், வலித்தது. மகளைக் கூப்பிட்டாள், குரலும் வந்தது. மூன்றாவது பஸ் வந்து நின்றதும், கொதிக்கும் சோற்றுப் பானையைத் துணி பிடித்து இறக்கி, தரை உடைந்து முடிகிற இடம்வரை தூக்கிக்கொண்டு போனாள்.

"அம்மா, கொட்டிரப் போகுதும்மா!"

ஜன்னலோரத்தில் யாரோ லேசாக நிமிர்ந்த மாதிரி இருந்தது. தவமணி பிடியைத் தளர்த்தினாள்.