அவதி வேகம்

ஊதா நூல் மறுபடியும் கலைந்துபோனது.

சோமசேகரம் மாஸ்டர் தண்ணீர்க் குழாயின் திருகை மூடிவிட்டு, தலையை நிமிர்த்தாமலே ஓரக்கண்ணால் பார்த்தார். றிஷானா டீச்சரின் உள்ளங்கைகள் இரண்டும் மேசையின் எதிர் ஓரத்தில் இருந்தன.

பரிசோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. மேசைமேல் உயர வைத்த தண்ணீர்த் தாங்கியிலிருந்து கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஓடும். அதன் நடுவே, கொண்டிஸ் என்ற ஊதா உப்பைக் கரைத்த நீர் ஓர் ஊசிமுனையிலிருந்து நூல்போலப் போகும். மெல்ல ஓடும்வரை நூல் நேராக இருக்கும். வேகம் கூடக்கூட ஓரிடத்தில் நெளிந்து, சுழன்று, குழாய் முழுக்க ஊதாவாகிவிடும். அந்த வேகத்துக்குப் பாடப்புத்தகம் வைத்திருக்கும் பெயர் அவதி வேகம்.

மாஸ்டரின் நூலோ ஆமை வேகத்திலேயே கலைந்தது. அவதி முழுவதும் அவருக்குத்தான்.

ஒரு சின்ன அதிர்வு போதும், நூல் கெட்டுவிடும். மேசையை யாரோ அசைக்கிறார்கள். யாரென்று வேறு சொல்ல வேண்டுமா?

பரிசோதனையைப் பார்க்கக் கொழும்பு அதிகாரிகள் இப்போது வந்துவிடுவார்கள். அது பிழையாகப் போனால் உயர்தர பௌதிகவியல் வகுப்பை இளையவரான டீச்சரிடம் கொடுக்கச் சொல்வார்கள். அந்த வகுப்பும் போனால் மாஸ்டருக்கு என்ன மிச்சம்? இந்த இளையவர் மூதூரிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வந்து உதவிக்கு நிற்பதும், மாஸ்டர் திருகைத் தொட்டவுடன் மேசையில் கை வைப்பதும் சும்மாவா? வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. தமிழ், முஸ்லிம் என்று கதை வேறு பக்கம் போய்விடும்.

மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார். துறைமுகப் பக்கத்து யன்னல்களைச் சாத்திப் பார்த்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

டீச்சர் தயங்கினார். அந்தத் தயக்கம் ஒன்றே போதும், ஆள் அகப்பட்டுவிட்டார் என்று மாஸ்டர் உள்ளுக்குள் குதித்தார்.

டீச்சர் சுவரோரம் போய் நின்றார்.

மாஸ்டர் இடக்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு வலக்கையால் திருகைத் திறந்தார்.

ஊசிமுனையை விட்டு வரும்போதே நூல் சிதறியது. இவ்வளவு மோசமாக அது ஒருநாளும் சிதறியதில்லை. மேலே தாங்கித் தண்ணீரிலும் சிற்றலை ஓடிக்கொண்டிருந்தது.

மேசையைத் தொட்டுக்கொண்டிருந்தது அவர் ஒருவர் மட்டுமே.

"உங்கட கை நடுங்குது சேர்," டீச்சர் மெல்லச் சொன்னார். "அதான் நான் மேசைய அமத்திப் புடிச்சிக்கொண்டு நிண்டனான்."

மாஸ்டர் இடக்கையைத் தூக்கிப் பார்த்தார். தூக்கிப் பிடித்தும் நடுக்கம் நிற்கவில்லை. வெட்கத்தில் அவருக்குக் காது மடல் சுட்டது. எத்தனை நாளாக இந்தப் பிள்ளை அவருடைய மானத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

வெளியே வாகனக் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. அதிபரின் குரல் படியேறி வந்தது. டீச்சர் திரும்ப வந்து, மேசையில் கைகளை வைத்தார்.

அதிகாரிகள் உள்ளே வந்து அமர்ந்தார்கள். எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள்.

"டீச்சர்தான் செய்து காட்டுவா," என்றார் அவர், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு.